ரூபினியின் பக்கம்

— அந்த ஒரு படத்துக்கா பாப்பா வேல இல்லன்னுட்டான்? என்னால நம்பவே முடியல.

— எந்தப் படம்னு யாரும் சொல்லலப்பா. என் ஃபேஸ்புக்க பாத்தாங்க, அப்புறம் வேற ஆள எடுத்துட்டாங்க. ஜெரால்டின் அவ்வளவுதான் சொன்னா.

— யாரு, உன் கூட ஃபார்ம் ஃபைவ் படிச்ச ஜெரால்டினா? அந்தச் சர்ச் வீட்டுப் பிள்ள?

— அவதான். கெலாங் பாத்தால அதே கம்பெனி ஆபீஸ்லதான் இருக்கா. ஆள் எடுக்கிற ஃபைல் எல்லாம் அவ கையிலதான் போகுது. வேலை காலியா இருக்குன்னு சொன்னதே அவதானே.

— அப்ப சந்தேகமே இல்ல. அந்த டெசாரு படம்தான். நான் அன்னைக்கே சொன்னேன், ஆமாவா இல்லையா? அரைக்கால் சிலுவாரப் போட்டுக்கிட்டு, கையில கிளாஸ வச்சுக்கிட்டு...

— கடல்ல போய் பொடவ கட்டிக்கிட்டா நிப்பாங்க? அந்தக் கிளாஸ்ல இருந்தது ஏர் பண்டோங்பா, ரோஸ் சிரப்பு கலந்த பால் தண்ணி. ரோஸ் கலர்ல பீர் எந்த ஊர்ல விக்கிறாங்க?

— எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். பாக்கிறவனுக்குத் தெரியுமா?

— தெரியலன்னா கேக்கணும். பாத்துட்டு அவங்களா ஒண்ணு நெனச்சுக்கிட்டா நான் என்ன பண்றது?

— கத்தாத. ரோட்டப் பாத்து ஓட்டு. முன்னாடி போற லோரி செம்பனைக் காய ஏத்திக்கிட்டு எப்படி ஆடுது பாரு. ஹைபீம் அடி, ஒதுங்குவான்.

— ஒதுங்க எடமே இல்லப்பா, ரெண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம்தான். கூலாய் வரைக்கும் இவன் பின்னாடியேதான் போகணும். நீங்க அந்தக் கைய மடியில வைங்க. கதவுல சாய்ச்சு அழுத்தாதீங்க, டயாலிசிஸ் ஊசி குத்துற கை.

— கை கெடக்கட்டும். கேளு பாப்பா, நான் சொல்றதக் கேளு. அவன் பாத்தது தப்புன்னு நான் சொல்லல. நானும் லோரிக்கு ஆள் எடுத்தவன்தான். ஒருத்தன் வேல கேட்டு வந்தா லைசென்ஸ மட்டுமா பாப்பேன்? பண்டார் தெங்காரா கோப்பி கடையில போய் ஒக்காருவேன். ஒரு தே ஓ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள அவன் குடிக்கிறானா, பொண்டாட்டிய அடிக்கிறானா, சம்பளம் வாங்கின மறுநாள் வருவானா மாட்டானான்னு எல்லாம் வந்துடும்.

— அதுவும் இதுவும் ஒண்ணாப்பா?

— ஏன், என்ன வித்தியாசம்? அப்ப கோப்பி கடை. இப்ப ஃபோனு.

— கோப்பி கடையில நீங்க லோரி ஓட்டுறதுக்குத் தேவையானதக் கேட்டீங்க. குடிக்கிறவன்கிட்ட லோரிய குடுக்க முடியாது, சரி. நான் என்ன லோரியா ஓட்டப் போறேன்? கண்டெய்னர் எப்ப வருது, எப்ப போகுதுன்னு கம்ப்யூட்டர்ல ஏத்தணும். அஞ்சு வருஷம் அதே வேலய செஞ்சிருக்கேன். அதப் பத்தி கேக்கட்டும், எவ்வளவு வேணாலும் கேக்கட்டும். வீட்டுக்குள்ள எட்டிப் பாத்துட்டு, நாங்க பாத்தோம்னுகூட சொல்லாம, 'உங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்'னு ஒரு ஈமெயில். அந்த வாழ்த்து எனக்கு எதுக்கு?

— வீட்டுக் கதவ நீதானே பாப்பா தொறந்து போட்ட. எல்லாரும் பாக்கிற மாதிரி படத்த மாட்டி வச்சிட்டு, பாத்துட்டான் பாத்துட்டான்னா?

— என் ஃப்ரெண்டு பாக்கட்டும்னு போட்டேன். என்னைய தராசுல வைக்கட்டும்னா போட்டேன்?

— அத அவன்கிட்ட சொல்லு.

— அதுக்குத்தான் வாய்ப்பே குடுக்கலயே! சரி, ஏன் என் படமாவே இருக்கணும்? நீங்க மட்டும் என்ன? கம்பத்து ரோட்டுல குழின்னு ஒரு பக்கம் எழுதி, நம்ம தொகுதி ஒய்பிய திட்டி, கடைசியில என்னைய டேக் பண்ணி விடறீங்க. என் பேர அழுத்தினா உங்க குழிதான் மொதல்ல வருது.

— அலமாக்! அப்ப என்னாலயா போச்சு?

— ...இல்லப்பா.

— இல்ல, இப்பச் சொன்னியே. குழியப் பத்தி எழுதினதாலயா? குழி இருக்கா இல்லையா? போன மாசம்கூட ஐயாசாமி மகன் மோட்டோவோட விழுந்தான். உண்மையத்தானே எழுதினேன்?

— உண்மைதான்பா. கோவத்துல ஏதோ சொல்லிட்டேன், விடுங்க. படம்தான். டெசாரு படம்தான்.

— இப்பத்தான் எந்தப் படம்னு தெரியாதுன்ன?

— நீங்கதானே கண்டுபுடிச்சீங்க. அதான்னு வச்சுக்குங்க.

— வச்சுக்கிறதா? என் பிள்ள பண்டோங் தண்ணியக் குடிச்சதுக்கு ஒருத்தன் வேல இல்லன்னுவான், நான் வச்சுக்கணுமா? அந்த போஸ் பேரு என்ன?

— எதுக்கு?

— கேட்டா சொல்லு.

— ராஜசேகரன்.

— தமிழன்! நெனச்சேன். நம்பர குடு. நான் பேசுறேன். 'ஐயா, நான் ரூபினி அப்பா. என் பிள்ளய நான் வளத்த வளர்ப்பு எனக்குத் தெரியும்.' இப்படி மரியாதையாத்தான் ஆரம்பிப்பேன்.

— உங்க மரியாத ரெண்டாவது வரியில எங்க போகும்னு எனக்குத் தெரியாதா? வேணாம்பா. அடுத்த வாரம் ஜேபி டவுன்ல இன்னொரு இண்டர்வியூ இருக்கு. இவரு அவங்கள தெரிஞ்சவரா இருந்தா அதுவும் போயிடும்.

— அப்ப வாய மூடிக்கிட்டுப் போகச் சொல்ற.

— இன்னைக்கு ஒரு நாள் மூடிக்கிட்டு வாங்க. ஊசி குத்தறதுக்கு முன்னாடி பிரஷர் ஏறிச்சுன்னா அங்க நர்ஸ் மிஸ்ஸி என்னையத்தான் ஏசும்.

— ஃபோன் அடிக்குது. உன்னுது. யாரு... ஜெரால்டின்! நல்லதாப் போச்சு.

— எடுக்காதீங்க! அப்பா, அப்புறம் நான் கூப்பிட்டுக்கிறேன். அப்பா!

— ஹலோ, ஜெரால்டின்! ரூபி காடி ஓட்டுதும்மா. நான் அவ அப்பா வீரமுத்து. இரு, ஸ்பீக்கர்ல போடுறேன்.

— ஐயோ, அங்கிளா? எப்படி இருக்கீங்க அங்கிள்? ரூபி எல்லாம் சொல்லிட்டாளா?

— சொல்லிட்டா, சொல்லிட்டா. அதப் பத்தித்தான் பேசிக்கிட்டு வர்றோம்.

— சாரி லா அங்கிள். நான் எவ்வளவோ ஃபைட் பண்ணிப் பாத்தேன். அங்கிள், நீங்க இத மனசுல வச்சுக்கக் கூடாது. பாசத்துலதானே எழுதினீங்க. உங்க மேல தப்பே இல்ல.

— ஜெரால்டின், போதும்! கட் பண்ணு!

— நீ ரோட்டப் பாரு பாப்பா. என்னம்மா சொன்ன? நான் என்ன எழுதினேன்? குழியப் பத்தியா?

— குழியா? எந்தக் குழி?... ரூபி, அங்கிளுக்கு இன்னும் தெரியாதா?

— தெரியாது. தெரியக் கூடாதுன்னுதான் இருந்தேன். இப்ப உனக்குத் திருப்தியா?

— மை காட்! ஐ ஆம் சோ சாரி, ரூபி. அங்கிள், நான் அப்புறம் கூப்பிடுறேனே.

— வைக்காத. ஏம்மா, நான் உங்க அப்பா மாதிரி. உன் அப்பாவப் பத்தி ஒரு விஷயம் அவருக்குத் தெரியாம ஊருக்கே தெரிஞ்சிருந்தா, அவரு சும்மா இருப்பாரா? சொல்லு. என்ன பாத்தான் உங்க போஸ்?

— ரூபி...?

— சொல்லித் தொல. இனி மறைச்சு என்ன ஆகப் போகுது.

— அங்கிள், டயாலிசிஸ் சென்டர்ல இருந்து எழுதுவீங்களே, அதத்தான். ரூபி நாற்காலியில தூங்கிக்கிட்டு இருக்கிற படம் போட்டு, 'இன்னைக்கும் என் தங்கம் வேலைக்கு லீவு போட்டுட்டு என்னை ரத்தம் கழுவ கூட்டிக்கிட்டு வந்துச்சு. இந்த மாதிரி பிள்ள எந்த அப்பனுக்குக் கிடைக்கும்'னு. அந்த மாதிரி நெறைய இருக்குல்ல, அங்கிள்? எல்லாத்துலயும் ரூபி பேரு டேக் ஆகியிருக்கு.

— ஆமா. அதுக்கு?

— சார் தமிழ் நல்லாப் படிப்பாரு. ஒண்ணொண்ணா கீழ தள்ளித் தள்ளிப் படிச்சாரு. படிக்கும்போது அவருக்கே கண்ணு கலங்கிடுச்சு அங்கிள், நான் பக்கத்துலதான் நின்னேன். 'என்ன அருமையான பொண்ணு'ன்னாரு. அப்புறம் ஃபைல மூடி என் கையில குடுத்துட்டு, 'ஆனா வாரம் மூணு தடவ லீவு போடுற ஆள வச்சு நான் வேர்ஹவுஸ் நடத்த முடியாதும்மா'ன்னுட்டாரு.

— சரிம்மா. வச்சுடு. நீ நல்லா இரு.

— ரூபி, ஐ ஆம் ரியலி சாரி. நைட் கூப்பிடு, ப்ளீஸ்.

— அப்பா, ஏதாவது பேசுங்க. இவ்வளவு நேரம் வாய் ஓயல, இப்ப இப்படி ஒக்காந்தா எனக்குப் பயமா இருக்கு.

— நான் எழுதினது தப்பா பாப்பா?

— இல்ல.

— ஊருக்கெல்லாம் பெருமையா சொல்றதா நெனச்சேன். உனக்கு நல்லது பண்றேன்னுதான் நெனச்சேன்.

— எனக்குத் தெரியும்பா. எனக்குக் கோவம் உங்க மேல இல்ல. அந்த மனுஷன் மேலதான். முழுசா ஒரு மணி நேரம் என்னைய முன்னாடி ஒக்கார வச்சுப் பேசுனாரு. சிரிச்சுச் சிரிச்சுப் பேசுனாரு. ஷிஃப்டு ஓகேவான்னாரு, காடி இருக்கான்னாரு. 'உங்க அப்பாவ யாரு பாத்துக்குவாங்க'ன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் பதில் வச்சிருந்தேன்.

— என்ன பதில்?

— இந்த சென்டர்லயே வேன் இருக்கு. வீட்டுக்கே வந்து ஏத்திக்கிட்டுப் போயி, முடிஞ்சதும் கொண்டாந்து விடும். நான் பேசி வச்சுட்டேன். இப்ப வேல இல்லாம சும்மா இருக்கேன், அதான் நானே ஓட்டுறேன். வேல கெடச்ச அன்னைக்கு உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன். மொதல்லயே சொன்னா, தள்ளி விடப் பாக்கிறான்னு மூஞ்சத் தூக்கி வச்சுக்குவீங்க.

— வச்சுக்கிட்டுத்தான் இருப்பேன்.

— பாத்தீங்களா.

— அப்புறம் ஏன் படம் படம்னு எங்கிட்ட பொய் சொன்ன? கூலாய்க்கு வர்ற வரைக்கும் உன்னையத்தானே ஏசிக்கிட்டு வந்தேன்.

— ஏசினா ஏசிட்டுப் போங்க, எனக்குப் புதுசா? உண்மையச் சொன்னா நீங்க எழுதுறதையே நிறுத்திடுவீங்க. நாலு மணி நேரம் ஒரு கைய அசைக்காம படுத்துக் கெடக்கிறீங்க. மத்த கையில அந்த ஃபோன் ஒண்ணுதான். எழுதிட்டு, யாரு பாத்தா, யாரு லைக் போட்டான்னு பாத்துக்கிட்டே நேரத்த ஓட்டுறீங்க. அதையும் நான் புடுங்கிக்கணுமா?

— இப்பவே அழிச்சுடட்டுமா எல்லாத்தையும்? எப்படி அழிக்கிறதுன்னு சொல்லு.

— அழிக்கக் கூடாது.

— எதுக்கு? உன் சோத்துல மண்ணு போடத்தானா?

— அது என்னைப் பத்தி நீங்க எழுதினது. நேர்ல ஒரு நாளாவது அப்படிச் சொல்லியிருக்கீங்களா? காடிய ஒழுங்கா ஓட்டு, ரோட்டப் பாரு, இதுதான் என்கிட்ட பேசுற பேச்சு. நான் அதயெல்லாம் எத்தன தடவ படிச்சிருக்கேன்னு உங்களுக்குத் தெரியாது. ஒண்ணையும் தொடாதீங்க.

— ...சரி. தொடல.

— சத்தியமா?

— சத்தியமா. பாப்பா, அடுத்த வாரம் ஜேபின்னியே. அங்கயும் பாப்பாங்களா?

— பாத்தாலும் பாப்பாங்க. யாரு நம்மகிட்ட சொல்லிட்டா பாக்கிறாங்க?

— எல்லாத்தையும் படிப்பாங்களா? பழசு வரைக்கும்?

— எல்லாரும் அந்த ராஜசேகரன் மாதிரி ஒக்காந்து படிக்க மாட்டாங்கப்பா. மேல ரெண்டு மூணு பாப்பாங்க. அவ்வளவுதான் நேரம் இருக்கும்.

— ம்ம்.

— விடுங்க. அடுத்ததுல நானே முந்திக்கிட்டு வேன் விஷயத்தச் சொல்லிடுறேன். கேக்காட்டியும் சொல்லிடுறேன். வந்தாச்சு. தண்ணி போத்தல், ஸ்வெட்டர், ரெண்டையும் எடுத்துக்குங்க. உள்ள ஏசி குளுரும்.

— இரு. இத முடிச்சுட்டு எறங்குறேன்.

— எத? அப்பா, என்ன எழுதிக்கிட்டு இருக்கீங்க? அந்த ஆளத் திட்டி எதையாவது போட்டு வைக்காதீங்க, கெஞ்சிக் கேக்கிறேன்.

— யாரையும் திட்டல. போட்டாச்சு.

— என் ஃபோனுக்கு வருது. என்னைய எதுக்கு டேக் பண்ணீங்க? என்ன போட்டீங்க? நீங்களே படிங்க, நான் காடிய நிறுத்துறேன்.

— 'எனக்கு ஒரு மகள் இருக்கா. பேரு ரூபினி. நான் ரத்தம் கழுவப் போற எடத்துக்கு இப்பல்லாம் எட்டிக்கூடப் பாக்கிறது இல்ல. லீவு போடுன்னு கெஞ்சினாலும் போட மாட்டா. அவளுக்கு அப்பனவிட வேலதான் முக்கியம்.'