நான் வைத்த பரீட்சை

இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் பரீட்சை. எங்கள் குடிநீர் அலுவலகத்தில் கொள்முதல் பிரிவில் உட்காரவேண்டுமானால், டெண்டர், ஒப்பந்தம் எல்லாவற்றிலும் எழுதித் தேறியிருக்கவேண்டுமாம். பக்கத்தில் இருப்பவன் பேப்பரைப் பார்த்து எழுதியிருக்கமாட்டார்கள் என்று என்ன நிச்சயம்? நான் யாரையும் சுலபத்தில் நம்புகிறவன் இல்லை, சார்.

அந்தப் பெண் முதல் மார்க்கோடு கொள்முதல் அதிகாரியாக வந்தாள். ஆளாளுக்குத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். என்னைப் 'பெரியப்பா' என்பாள். சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டுத்தான் தன் சாப்பாட்டைத் திறப்பாள். அதுவே எனக்குச் சந்தேகம்.

நான் ஸ்டோரில் இருப்பவன். டெண்டர் முடிந்ததும், ஒப்புக்கொண்ட மாதிரியில் ஒரு துண்டை டப்பாவில் போட்டு அரக்கு முத்திரை வைப்பேன். சரக்கு வந்ததும் முத்திரையை உடைத்து, இரண்டையும் ஒத்துப்பார்த்துத்தான் அதிகாரி கையெழுத்துப் போடவேண்டும்.

தொட்டி கழுவுகிறவர்கள் இடுப்பில் கட்டும் கயிறு வந்து இறங்கியது. மட்டமான சரக்கு. முறுக்கினால் உள்ளே நார் நொறுங்கியது. அவளிடம் சொல்லியிருக்கலாம்தான். விடையைச் சொல்லிக்கொடுத்தால் அது பரீட்சையா? வந்த கட்டிலிருந்தே ஒரு துண்டு வெட்டினேன். டப்பாவில் இருந்த நல்ல துண்டை எடுத்துவிட்டு இதை வைத்தேன். புதிதாக அரக்கு உருக்கி ஊற்றினேன். காசு வாங்கினாயா என்கிறீர்கள். அந்தப் பழக்கம் எனக்கு இல்லை.

அவள் இரண்டையும் மாற்றி மாற்றித் தடவிப் பார்த்தாள்.

"பெரியப்பா, அன்னைக்குப் பார்த்தது இன்னும் கொஞ்சம் கனமா இருந்த மாதிரி ஞாபகம். இது நீங்க வச்ச முத்திரைதானே?"

"என் கையால வச்சதும்மா."

"அப்ப சரி. எனக்குத்தான் குழப்பம்."

ஞாபகம் இருந்தும் கையெழுத்துப் போட்டாள். அங்கேயே ஃபெயில்.

கயிற்றை வாங்கிப்போக வந்தவனைப் 'பல்லி' என்போம். எந்தச் சுவரிலும் ஒட்டிக்கொண்டு ஏறுவான்.

"என்ன பெரியப்பா, கயிறு புது மாப்பிள்ளை மாதிரி பளபளங்குது? என்னைத் தாங்குமா?"

"நீ என்ன யானையாடா? பரீட்சை எழுதுனவங்க பார்த்து எடுத்தது. போ."

சிரித்துக்கொண்டே தோளில் மாட்டிக்கொண்டு போனான். அப்போதாவது தடுத்திருக்கலாமே என்கிறீர்கள். பாதியில் நிறுத்தினால் முடிவு எப்படித் தெரியும்? தொட்டிக்குள் இறங்கும்போது கயிறு அறுந்துவிட்டது. கழுவுகிற நாள் என்பதால் தொட்டியில் தண்ணீர் இல்லை. வெறும் சிமெண்ட் தரை. அவன் மனைவிக்கு ஆள் அனுப்பச் சொன்னதே நான்தான்.

அந்தப் பெண்ணை வேலையை விட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அப்படியும் நேற்று உங்களிடம், "பெரியப்பா முத்திரையில தப்பு இருக்காது சார், நான்தான் சரியாப் பார்க்கல" என்றாளாமே. நானாக வந்து சொல்லியிராவிட்டால் கடைசிவரை அதையேதான் சொல்லியிருப்பாள்.

எழுதிக்கொண்டீர்களா? கையெழுத்து வராது, கைநாட்டு வைக்கிறேன். கையைப் பிடிக்கவேண்டாம், லாக்கப் எந்த அறை என்று காட்டுங்கள், நானே நடந்து போகிறேன். அவள் தேறியவள் என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். என்னைப் போய் நம்பினாளே, சார்.