இரண்டாவது தாள்

மத்தியானம் சாப்பிட்ட பிறகு எனக்கு வேலை ஓடுவதில்லை, கண் சொக்கிவிடுகிறது. அதனால்தான் உங்களைக் காலையிலேயே வரச் சொன்னேன். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும், இதில் உட்காருங்கள். மாப்பிள்ளை போலீஸில் கொடுத்த புகாரை நானும் படித்தேன். கோபத்தில் எழுதியிருக்கிறார், பாவம். விஷயம் முழுக்கத் தெரியாமல் எழுதியிருக்கிறார். அதைச் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருவன்தான்.

என் தொழில் ஹெட் பார்ப்பது. சுவர் அகலத்துக்கு பேனர் அடிக்கிற மெஷின்களைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இங்க்கைத் தெளித்தபடி இங்குமங்கும் ஓடுகிற சின்னப் பாகம்தான் ஹெட். புதிது வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள், பழைய மெஷினில் கழற்றிச் சுத்தம் செய்த ஹெட்டை வாங்கி மாட்டிக்கொள்வார்கள். அதில் எது தேறும், எது தேறாது என்று கேட்க என்னிடம் வருவார்கள்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஹெட்டை மாட்டி ஒரு சோதனைத் தாள் அடிப்பேன். மெல்லிய கோடுகள் படிப்படியாக இறங்கி வரும். கோடு விட்டுப்போன இடத்தில் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் சால்வென்ட் என்கிற காட்டமான மருந்தில் ஊறப்போட்டால் எந்த ஓட்டை ஹெட்டும் முதல் தாளை அழகாக அடித்துவிடும், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் முதல் நாள் காட்டுகிற சுறுசுறுப்பு மாதிரி. அதனால் இங்க்கோடு அப்படியே போட்டுவிட்டு, சில மணி நேரம் கழித்து, இரண்டாவது தாள் அடிப்பேன். வண்டவாளம் அதில்தான் தெரியும். வாங்க வருகிறவர்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. முதல் தாளைப் பார்த்ததுமே வாயெல்லாம் பல்லாகக் கிளம்பப் பார்ப்பார்கள். நான் விடமாட்டேன். வெளியாளுக்கு நல்லது என்று நான் சொல்லி அனுப்பிய ஹெட் எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை.

எனக்கு ஒரே மகள். அவள் அம்மா தவறிய பிறகு இந்த வீட்டில் நானும் அவளும்தான். கல்யாணமாகி, ஊரின் மறுகோடியில் மாப்பிள்ளையோடு சேர்ந்து பிரிண்டிங் கடை போட்டாள். முதல் ஹெட் நான் பார்த்துக் கொடுத்ததுதான். தங்கமான ஹெட். அது ஓடியவரை அவள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. போன் செய்தால், "வேலை தலைக்கு மேல இருக்குப்பா, அடுத்த வாரம் கண்டிப்பா வரேன்" என்பாள். அந்த அடுத்த வாரம் வந்தபாடில்லை. நான் ஒரு ஆளுக்குச் சமைத்து, அடுப்பு மேடையருகே நின்றபடியே சாப்பிட்டு முடிக்கப் பழகிவிட்டேன்.

ஒருவழியாக அந்த ஹெட் உயிரை விட்டது. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். அன்று முழுக்க என்னோடு இருந்தாள். என் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள், அம்மாவின் சிரிப்பைப் பற்றிப் பேசினாள். கிளம்பும்போது, "அடிக்கடி வரணும்னுதான் இருக்குப்பா, முடியல" என்றாள். மேஜையில் இரண்டு ஹெட் இருந்தன. இரண்டாவது தாளில் பல் போன வாய் மாதிரி அடித்ததை எடுத்து, அதன் முதல் தாளை மட்டும் அவளிடம் காட்டினேன். "சூப்பரா இருக்குப்பா" என்றாள். அந்த மாதம் முடிவதற்குள் திரும்பி வந்தாள்.

அதன் பிறகு எது எத்தனை நாள் தாங்கும் என்று பார்த்துக் கொடுப்பது எனக்குக் கைவந்துவிட்டது.

"ஏம்ப்பா, எங்க கடையில மட்டும் ஹெட் நிக்கவே மாட்டேங்குது?" என்று ஒருமுறை கேட்டாள்.

"தூசிம்மா. கதவு, ஜன்னல் எல்லாத்தையும் சாத்திடுங்க. தினமும் கழட்டி சால்வென்ட்ல கழுவுங்க."

அவர்களும் அட்சரம் பிசகாமல் அப்படியே செய்தார்கள். மாப்பிள்ளை கழுவுவார் என்று நினைத்தேன். அவருடையது முரட்டுக் கை என்று, சாத்திய அறைக்குள் அவளேதான் கழுவியிருக்கிறாள்.

அது எனக்கு எப்போது தெரியும் என்று கேட்பீர்கள். கடைசியாக வந்தபோது அவள் தலைமுடியிலேயே அந்த வாடை அடித்தது. பேச்சுக்கு நடுவில் இருமிக்கொண்டே இருந்தாள்.

"கழுவற வாடைப்பா. அந்தப் பக்கமே போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஒரு நல்ல ஹெட் கெடச்சா கழுவற வேலையே இருக்காது. உங்களத்தான் மலைபோல நம்பியிருக்கோம்."

என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் பெட்டி பிரிக்காத புது ஹெட் ஒன்று இருந்தது. அவளுக்காக வாங்கி வைத்ததுதான், சத்தியமாக. அதைக் கொடுத்திருந்தால் வருஷக்கணக்கில் ஓடியிருக்கும். அந்த வருஷங்களை நினைத்ததும் கை அலமாரிப் பக்கம் போகவில்லை. இருப்பதிலேயே மட்டமான ஒன்றை எடுத்து, முதல் தாளைக் காட்டி, கையில் கொடுத்தேன். ஜன்னலையாவது திறந்து வை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், அப்போது தூசி என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்பாள். சொல்லவில்லை.

அதைக் கழுவும்போதுதான் விழுந்திருக்கிறாள். மாப்பிள்ளை கதவை உடைத்துத் தூக்கியிருக்கிறார். நுரையீரல் இனி பழையபடி ஆகாது என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். கடைக்கு மேலேயே அவர்கள் குடியிருப்பதால், அந்த வாடை ஆகாது என்று நான் இங்கே கூட்டிவந்துவிட்டேன்.

லாபத்துக்காகக் குப்பையைத் தலையில் கட்டினேன் என்று மாப்பிள்ளை எழுதியிருக்கிறார். அதை மட்டும் அடித்துவிடுங்கள். அவர்களிடம் நான் காசே வாங்கியதில்லை. மற்றபடி எழுதிக்கொள்ளுங்கள்: முதல் ஹெட்டைத் தவிர ஒவ்வொன்றையும் கெட்டது என்று தெரிந்தே கொடுத்தேன். கடைசி ஹெட்டை, அவள் மூச்சுக்கு ஆபத்து என்று தெரிந்தே கொடுத்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

பக்கத்து அறையில் உஸ்ஸென்று கேட்கிறதே, அது அவளுடைய ஆக்சிஜன் மெஷின். வேளாவேளைக்கு நான்தான் ஊட்டிவிடுகிறேன். இப்போதெல்லாம் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். "அவர வரச் சொல்லுங்கப்பா" என்று திக்கித் திக்கிக் கேட்கிறாள். அவர் தினமும் வாசலில் வந்து நிற்கிறார். தூங்குகிறாள் என்று திருப்பி அனுப்பிவிடுகிறேன். எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், ஐயா. அவளை மட்டும் அந்த வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். அங்கே அவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது.