வேலிக்கு இந்தப் பக்கத்து வேர்கள்

வேப்பமரத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு விளக்குமாறு கெதியில் தேய்ந்துபோகும். விடியக் கூட்டிய முற்றம் பத்து மணிக்கு மறுபடி சருகாய்க் கிடக்கும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சித்திரையில் அந்த மரம் பூத்துக் கொட்டினால் முற்றம் முழுக்கப் பொரி தூவியது போல இருக்கும். உடுவிலில் வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் எங்கள் கிணற்றடி மட்டும் குளிர்ந்து கிடந்தது அந்த மரத்தால்தான்.

மரம் என்னுடையது இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஜெயரூபனுடைய வளவில் நின்றது. அவனும் மனைவி கீர்த்திகாவும் ஒன்றரை வயது மகன் நிருஷனும் மரத்துக்குக் கிட்ட ஒரு தகரக் கூரை வீட்டில் இருந்தார்கள். மரத்தடியில் சூலம் நட்டு வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைப்பார்கள். கீர்த்திகா என்னை மாமி என்றுதான் கூப்பிடுவாள். வேப்பம்பூ பொறுக்கி வடகம் போட்டால் முதல் பங்கு எனக்கு வரும். என் மனுசன் செத்த பிறகு தனியாக இருக்கிற எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுவருகிறவளும் அவள்தான். வேலியில் ஓர் ஆள் குனிந்து வரக்கூடிய பொட்டு ஒன்று இருந்தது. அதால் வருவாள், போவாள்.

பிரச்சினை கிணற்றில் தொடங்கியது. மரத்தின் வேர் ஒன்று கிணற்றுக் கட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்து, கற்கள் பெயர்ந்து தண்ணீருக்குள் விழுந்தன. மரத்தைத் தறிக்கும்படி ஜெயரூபனைக் கேட்டேன்.

"அம்மன் நிக்கிற மரம், மாமி. நான் எப்பிடிக் கை வைக்கிறது? கொப்பை வேணுமெண்டால் தறிச்சு விடுறன். கிணத்துக் கட்டையும் நானே கட்டித் தாறன்" என்றான்.

சொன்னபடியே செய்தான். கொப்புகளைத் தறித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நின்று கிணற்றைக் கட்டிப் பூசித் தந்தான். வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். எனக்கு விட மனம் வரவில்லை. என் மனுசன் இருந்த காலத்தில் அயலில் எவரும் எங்கள் சொல்லைத் தட்டியதில்லை. நேற்று வந்த பெடியன் முடியாது என்று சொன்னது உள்ளுக்குள் குத்திக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் எனக்கு ஒரு நியாயம் பிடிபட்டது. மரம் அவர்களுடையது. ஆனால் வேலியைத் தாண்டி வந்த வேர் என்னுடைய நிலத்தில் கிடக்கிறது. மரத்தில் கை வைத்தால்தானே அம்மன் குற்றம். என் காணிக்குள் கிடக்கிற வேரை நான் என்ன செய்தாலும் யார் கேட்பது? வாழை வைக்கப் போகிறேன் என்று அயலுக்குச் சொல்லிவிட்டு, அலவாங்கும் கோடரியும் எடுத்துப் பொட்டுக்குக் கிட்ட ஆழமாய்க் கிடங்கு வெட்டினேன். முதல் வேர் மணிக்கட்டு அளவு. பிறகு வந்தவை தொடை அளவு. ஒவ்வொன்றாய் வெட்டி, வெட்டிய இடத்துக்கு மேல் தென்னோலைக் கிடுகு போட்டு மூடிவைப்பேன்.

கோடரிச் சத்தம் கேட்டு ஒருநாள் கீர்த்திகா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "இந்த வயசிலை ஏன் மாமி உந்தப் பாடு? இவர் வந்து வெட்டித் தருவார்" என்றாள். வேண்டாம், பழகின கைதானே என்றேன். அவள் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வேலிக்கு மேலால் தந்தாள். நான் கோடரியைக் கீழே வைத்துவிட்டு வாங்கிக் குடித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மரம் மெல்ல மெல்லப் பட்டுப்போகும், அவர்களே ஆள் பிடித்துத் தறிப்பார்கள் என்பதுதான் என் எண்ணம். மரம் பட்டுப்போகவில்லை. அந்தச் சித்திரையில் என்றைக்கும் இல்லாதபடி பூத்தது.

கார்த்திகையில் புயல் வருகிறது என்று றேடியோவில் சொன்னார்கள். வாடைக்காற்று என் வளவிலிருந்து அவர்களுடைய வீட்டுப் பக்கமாக அடித்தது. மத்தியானம் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். காற்று மரத்தைத் தள்ளும்போது என் பக்கத்து மண் எழும்பியது. காற்று விட்டதும் தாழ்ந்தது. உலை கொதிக்கும்போது மூடி எழும்பி எழும்பி விழுமே, அப்படி. மழைவெள்ளம் கிடுகுகளை இழுத்துக்கொண்டு போயிருந்தது. கிடங்குக்குள் வெட்டு வாய் தெரிய வேர்கள் கிடந்தன. பார்த்த எவருக்கும் விளங்கியிருக்கும்.

அந்த நேரம் பார்த்துக் கீர்த்திகா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். ஜெயரூபன் காங்கேசன்துறைக்கு வேலைக்குப் போயிருந்தான்.

"மாமி, மரம் ஆடுற ஆட்டம் பயமாக் கிடக்கு. உங்கடை வீட்டிலை வந்து இருக்கட்டோ?"

"ஓம், வா பிள்ளை" என்றேன். உடனே அவள் பொட்டால் வரக் குனிந்தாள். இன்னும் ஓர் அடி வைத்தால் கிடங்கடி.

"நில்லு பிள்ளை, உதிலை வழுக்கும். சின்னவனை இஞ்சை தா. நீ போய் அவன்ரை உடுப்பும் பால்மாவும் எடுத்துக்கொண்டு ரோட்டாலை சுத்தி வா."

வேலிக்கு மேலால் பிள்ளையைத் தந்தாள். "அழமாட்டான் மாமி, உங்களோடை இருப்பான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள். நான் பிள்ளையோடு என் வீட்டுப் படியில் ஏறக்கூட இல்லை, சத்தம் கேட்டது. மரம் அவர்களுடைய கூரையின் மேல் நெடுக விழுந்து கிடந்தது. தகரத்தை இழுத்து அவளை எடுத்தபோது, பிள்ளையின் உடுப்புகளைப் பைக்குள் மடித்து வைத்திருந்தாளாம்.

விழுந்த மரம் என் கிடங்கையும் சேர்த்துப் பெயர்த்துப் போட்டது. காற்று கிழித்த வேர் எது, கோடரி வெட்டிய வேர் எது என்று ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. மிச்சத்தை நானே மண் தள்ளி மூடினேன். விசாரணைக்கு வந்தவர்கள் புயலால் நடந்த சாவு என்று எழுதிக்கொண்டு போனார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காதபடியால்தான் இதை நானாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

பிள்ளையைக் காப்பாற்றியவள் என்று ஊர் என்னைச் சொல்கிறது. ஜெயரூபன் வேலைக்குப் போகும்போது நிருஷனை என்னிடம்தான் விட்டுவிட்டுப் போகிறான். செத்தவீட்டில் அவன் என் காலில் விழுந்து அழுதான். வெட்கத்தில் என் உடம்பெல்லாம் கூசியது. காலை இழுத்தால் ஏனென்று கேட்பான் என்று அப்படியே நின்றேன்.

மரம் அவ்வளவு கெதியில் விழும் என்று எனக்குத் தெரியாது. ஒரு வருடமாக இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். ஆனால் மண் எழும்பி விழுந்ததை என் கண்ணால் கண்டேன். தெரியாதவள் என்றால் பிள்ளையை எதற்கு அவ்வளவு அவசரமாகக் கைநீட்டி வாங்கினேன்? இரண்டு பேரையும் அந்தப் பொட்டாலேயே உள்ளே எடுத்திருக்கலாம். பிள்ளைக்கு அப்போது கதை வரவில்லை. கிடங்கைக் கண்டாலும் அவன் யாருக்கும் சொல்லியிருக்கமாட்டான். கீர்த்திகா சொல்லியிருப்பாள்.