தணிகைவேலின் விசில்

பேய்ப் படம் பார்க்கும்போது நான் எதுவும் தின்ன மாட்டேன், ஐயா. பாப்கார்ன் கொறிக்கிற சத்தத்துக்குப் பேயே எழுந்து ஓடிவிடும். டீ இருக்கட்டும், பிறகு குடிக்கிறேன். எலக்ட்ரீசியன் பக்கிரி அண்ணனைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அவரை வெளியே விட என்ன தேவையோ அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் சினிமாவிலிருந்து தொடங்கினால்தான் விஷயம் விளங்கும்.

பேய்ப் படத்துக்கு அமைதிதான் உயிர். கதவு தானாகத் திறந்தால், திறந்த கதவைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். நம் ஆட்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. டமால் என்று ஒரு சத்தம், பின்னாலேயே ஒரு காமெடியன், அதற்கும் பின்னால் பேய்க்கு ஒரு குத்துப்பாட்டு. பிளாக்பஸ்டர் என்பது ஊர்த் தேர். இழுக்கிறவனுக்குச் சந்தோஷம், ஓரமாக நிற்கிறவனுக்குக் கால் நசுங்காமல் இருந்தால் போதும். கல்ட் படம், கல்ட் படம் என்கிறார்களே, அது உயிரோடு இருந்தபோது யாரும் மதிக்காத படத்துக்குச் செத்த பிறகு போடுகிற மாலை.

இதையெல்லாம் யூடியூபில் சொல்லிக்கொண்டிருந்தேன். பகலில் பாகூரில் செல்போன் ரிப்பேர் கடை, சாயங்காலத்தில் தணிகைவேலும் நானும் கேமரா முன்னால். அவன் ரசிகர் மன்றத்து ஆள். பெரிய ஹீரோ படம் என்றால் பட்டினி கிடந்தாவது முதல் காட்சிக்குப் போய்விடுவான். அவன் புகழ்வான், நான் திட்டுவேன். எங்கள் சண்டையைப் பார்க்கத்தான் சேனலுக்கு ஆள் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். எனக்கு அவனைவிட நெருங்கியவர்கள் கிடையாது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன ஆடியில், கூழ் ஊற்றும் திருவிழாவில், கரிக்கலாம்பாக்கம் கோயில் திடலில் வெள்ளைத் துணி கட்டி என் குறும்படத்தைப் போட்டார்கள். ஏம்பலத்தில் கரும்புத் தோட்டத்துக்குள் கிடந்து, தோகை கிழித்த கையோடு எடுத்த பேய்ப் படம். கரும்புக்கு நடுவில் ஒருத்தி நிற்கிறாள். அவ்வளவுதான், நகர மாட்டாள். ஊரே மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தது. எங்கள் ஊர் அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போது தணிகைவேல் வாயில் விரலை வைத்து விசிலடித்தான். ஹீரோ முதலில் திரையில் வரும்போது அடிப்பானே, அதே விசில். மன்றத்துப் பையன்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். பேப்பரைக் கிழித்துப் பறக்கவிட்டார்கள். படம் முடியும்வரை யாருக்கும் ஒரு வசனமும் காதில் விழவில்லை.

"செம்மையா இருந்துச்சு இல்ல மச்சான்?" என்று தோளில் கை போட்டான்.

"ஆமாண்டா" என்று சிரித்தேன்.

அன்றைக்கு அவன் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும், ஐயா. பிடித்திருந்தால் இன்று இருப்பான். அதன் பிறகு டீக்கடையில் நுழைந்தாலே, "இன்னாபா டைரக்டரே, உன் பேய்க்கு எப்ப கட்அவுட்டு?" என்பார்கள். சிரித்துக்கொண்டே டீ குடிப்பேன். சிரிக்கச் சிரிக்க உள்ளே ஏதோ கெட்டுப்போனது.

பிறகு அந்தப் பெரிய படம் வந்தது. மன்றத்தார் கூட்டுரோட்டில் கட்அவுட் வைத்தார்கள். மண்ணில் ஊன்றிய இரும்புக் குழாய்ச் சாரம், ஓரம் முழுக்க சீரியல் லைட். எங்கள் ஊர் மன்றத்தில் ஒரு முறை உண்டு. பால் குடத்தோடு ஏறுகிறவன் உச்சியிலிருந்து விசிலடிப்பான். கீழே சுவிட்சுக்காரன் லைட்டைப் போடுவான். வெளிச்சம் வந்ததும் பால் இறங்கும். ஏறுகிறவன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவான், கோயிலுக்குப் போவதுபோல. எப்போதும் ஏறுகிறவன் தணிகைவேல்தான்.

"சுவிட்ச நீதான் போடணும் மச்சான். டைமிங் உனக்குத்தான் தெரியும்" என்றான். பேய்ப் படக்காரனான நான் அங்கே நின்றது அதனால்தான்.

காலைக் காட்சிக்குப் புறப்படும் நேரம். லைட் கட்டிய பக்கிரி அண்ணன் என்னிடம் வந்தார். "அரி தம்பி, மேல தோள்பட்ட கிட்ட ஒயரு தோலு உரிஞ்சி கெடக்குது. டேப்பு தீந்துபோச்சி, வூட்டாண்ட போயி எடுத்தாறேன். அதுவரிக்கும் சுவிட்சு மேல கைய வைக்காத" என்று சொல்லிவிட்டு பைக்கில் போனார். கட்அவுட்டின் தோள்பட்டை என்றால் பால் ஊற்றுகிறவன் பிடித்துக்கொள்கிற இடம். அது எனக்குத் தெரியும். மேளச் சத்தத்தில் அவர் சொன்னது வேறு யாருக்கும் கேட்கவில்லை.

தணிகைவேல் ஏறினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. எந்தப் பேய்ப் படத்துக்கும் பயப்படாதவன் அவன். அவன் முகத்தில் ஒரே ஒரு தடவை பயத்தைப் பார்க்க வேண்டும், சின்னதாகக் கை உதறினால் போதும் என்றுதான் நினைத்தேன். விசில் வந்தது. போட்டேன்.

அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தில் பயமே இல்லை. பிறகு விழுந்தான். பால் என் காலடிவரை ஓடிவந்தது.

பக்கிரி அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு, "அரி தம்பிகிட்ட சொல்லிட்டுத்தான போனேன்" என்று அழுதார். "என்கிட்ட எதுவும் சொல்லல" என்றேன். நான் கடைக்காரன், நாலு பேருக்குத் தெரிந்தவன். அவர் காலையிலேயே குடிக்கிறவர் என்று பேர் வாங்கியவர். ஊர் என்னை நம்பியது, நீங்களும் நம்பினீர்கள். அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் நடிப்பு என்பீர்கள். இறங்கவில்லை.

கருமாதிக்குப் போயிருந்தேன். அவன் மனைவி செல்வகுமாரி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அண்ணா, உங்க படம் போட்டன்னிக்கி வூட்டுக்கு வந்து அவரு தூங்கவே இல்லண்ணா. 'எல்லாரும் உம்முனு குந்தினு இருந்தாங்க குமாரி, என் மச்சான் படம் படுத்துடுமோன்னு பயந்துட்டேன். நான் அடிச்ச விசில்ல திடலே எந்திரிச்சிடுச்சி பாரு. நாளைக்கி இவன் பெரிய டைரக்டரு ஆனா, மொத விசிலு என்னுதுதான்'னு சொல்லிச் சொல்லி சிரிச்சாரு" என்றாள்.

அந்தத் தண்ணீரை என்னால் குடிக்க முடியவில்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே மரியாதை விசில். எனக்குத் தெரிந்த ஒரே மரியாதை அமைதி. இத்தனை வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்தும் இது எங்களுக்குத் தெரியவில்லை. நான் பாவி, ஐயா. அவளிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு இடத்தைத் திருத்த வேண்டும். சின்னதாகக் கை உதறினால் போதும் என்று நினைத்ததாகச் சொன்னேன். அது வழியில் வரும்போது நானே எனக்குச் சொல்லிக்கொண்டது. பக்கிரி அண்ணனின் பைக் வளைவில் திரும்புவதைப் பார்த்தேன். ஒரு கையில் டேப்பைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வந்தார். அவர் வந்து சேர்ந்தால் அவன் இறங்கிவிடுவான்.

தணிகைவேல் குடத்தைப் பலகையில் வைத்து, ஒரு கையால் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தபடி இன்னொரு கையின் விரலை வாய்க்குக் கொண்டுபோனான். விசில் வந்த பிறகு போட்டேன் என்றேனே, அந்த வரியை அடித்துவிடுங்கள். விசில் வரவே இல்லை.