பின்னிறக்கையின் நீலம்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், இதை உரக்கச் சொல்ல முடியாது. என் அலுவலக நண்பனின் பெரியப்பாவுக்கு நடந்தது.

இரவு ஏழே முக்கால். காட்டோரச் சாலை... ஒரு வண்டி கிடையாது. பெரியப்பாவும் அவர் தங்கை புருஷனும் அந்துப்பூச்சி பிடிக்கப் போயிருந்தார்கள். இருவருக்கும் அருங்காட்சியகத்தில் பூச்சிப் பிரிவில் வேலை. அழுகிய வாழைப்பழத்தைச் சர்க்கரைப் பாகில் பிசைந்து மரப்பட்டையில் பூசுவார்கள். அந்த நாற்றத்துக்குப் பூச்சி வரும். ஒருவர் விளக்குப் பிடிப்பார், ஒருவர் குப்பியில் பிடிப்பார். சிரிக்காதேடா, அதுவும் உத்தியோகம்தான்!

பதினோராவது மரம். பட்டையோடு பட்டையாக ஒரு பூச்சி. தங்கை புருஷன் மெல்லத் தொட்டார்... முன்னிறக்கை விலகியது. பின்னிறக்கை பளீரென்று நீலம். அந்த இனத்தில் எல்லாமே சிவப்புதான். நீலத்தை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"மச்சான், மாட்டிக்கிச்சு!" என்று குப்பியை மூடினார். அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

பெரியப்பா முதலில் குப்பியை எடுத்தார். பிறகுதான் நாடி பார்த்தார்.

பத்து நாள் கழித்து, காரியமெல்லாம் முடிந்ததும் தங்கை கேட்டாள்: "அண்ணா, கண்டுபிடிச்சது அவருன்னு எழுதுவல்ல? அவருக்குன்னு மிச்சம் இது ஒண்ணுதான்."

"எழுதாம இருப்பனாம்மா?"

எழுதினார், தன் பெயரை. கூடப் பிறந்தவளுக்கே துரோகம்! எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

கட்டுரை அச்சாகிவிட்டது. நிபுணர்கள் பார்க்க வருவதாக ஏற்பாடு. முந்தைய நாள் அந்தப் பூச்சி இருந்த பெட்டியைத் திறந்தார். பாச்சை உருண்டை வாசனை... அதோடு அழுகிய வாழைப்பழம். இறக்கையை விரித்து, ஊசி குத்தி, மூன்று வாரம் காயவைத்த பூச்சி அது. தொட்டாலே ஒடியும். இப்போது இறக்கையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு கீறல் இல்லை.

ராத்திரி முழுக்க ஈரப்பெட்டியில் வைத்து இளக்கினார். காலையில் இடுக்கியால் விரித்தார். பின்னிறக்கை வெறும் கண்ணாடித்தாள். நீலத்தைக் காணோம். கீழே ஒரு பொட்டு இறக்கைப் பொடிகூட உதிரவில்லை.

போன் அடித்தது. தங்கை. அவள் இன்னும் கட்டுரையைப் பார்க்கவில்லை.

"அண்ணா, அவரு போட்டோவுல நீலமா பொடி... முகமே தெரியல. தொடைச்சா போக மாட்டேங்குது."

"ஈரத்துணியால தொடைம்மா."

"எப்படிண்ணா? கண்ணாடிக்கு உள்பக்கம் இருக்கே..." துணியால் கண்ணாடியைத் தேய்க்கும் சத்தம். "அண்ணா... உள்ளேருந்து யாரோ அதுல விரலால எழுதுறாங்க... உன் பேரு."