வலது கால்

அருள்செல்வி: கண்ணுல கட்டுன துண்ட இன்னும் இறக்கிக் கட்டுங்க. மூக்கு இடுக்கு வழியாப் பாக்குறீக.

சேவியர்: இல்ல புள்ள... கட்டுன பொண்டாட்டியே நம்பாட்டி எப்படி?

அருள்செல்வி: நேத்து கால்ல ஆணி ஏறி ரத்தமா வடிஞ்சப்ப, நான் சொல்லித்தான குனிஞ்சு பாத்தீக?

சேவியர்: அது ஏதோ நெனப்புல... நாளைக்கு தேனியில டாக்டரு பாக்கத்தான போறாக.

அருள்செல்வி: அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும். வெளக்குமாத்துக் குச்சியால குத்துவேன். எந்தக் காலுன்னு சொல்லுங்க. இப்ப?

சேவியர்: இடது.

அருள்செல்வி: இப்ப?

சேவியர்: வலது. மெல்லக் குத்து, வலிக்குதுல்ல.

அருள்செல்வி: இப்ப?

சேவியர்: திரும்பவும் வலது. போதுமா? திங்கக்கெழம ஜீப்ப எடுத்துருவேன். ஏலத்தோட்டத்துக்குப் போற பொம்பளைக எத்தன நாளைக்கு பஸ்ஸுக்கு நிப்பாக?

அருள்செல்வி: சங்கிலியம்மா உக்காந்த எடத்துல யார உக்கார வைப்பீக? பக்கத்து வீடுதான. அவ போட்டோவுக்கு ஏத்துன வெளக்கு இங்கன இருந்தே தெரியுது.

சேவியர்: பிரேக் புடிக்கல செல்வி. மல மெட்டு எறங்கையில மிதிச்சேன்... புடிக்கல. வேணும்னேவா கொண்டுபோய் மரத்துல விட்டேன்?

அருள்செல்வி: பிரேக் நல்லாத்தான் இருக்குங்கிறாரு மெக்கானிக் வினோத்ராஜ்.

சேவியர்: அவன் கெடக்கான்.

அருள்செல்வி: சுகர் பாக்குற டாக்டரம்மா என்ன சொன்னாக? கால்ல இருந்து மண்டைக்குச் சேதி கொண்டுபோற நரம்பு செத்துருச்சுன்னா, காலு எதுமேல இருக்குன்னு கண்ணால பாத்தாத்தான் தெரியும்னு...

சேவியர்: எனக்குச் சாகல. இப்பத்தான சொன்னேன், ஒண்ணு தப்பாம...

அருள்செல்வி: சரி. கடைசியா ஒண்ணு. இப்ப?

சேவியர்: வலது.

அருள்செல்வி: நல்லாத் தெரியுதா?

சேவியர்: சுருக்குன்னு தெரியுது.

அருள்செல்வி: துண்ட அவுத்துட்டுப் பாருங்க.

சேவியர்: ...குச்சி எங்க?

அருள்செல்வி: அதக் கீழ போட்டு எம்புட்டு நேரமாச்சு. உங்க வலது பக்கமா வளையல ஆட்டுனேன். அம்புட்டுத்தான்.

சேவியர்: செல்வி...

அருள்செல்வி: தெனமும் இதே காலோடதான ஓட்டுனீக. அன்னைக்கு மட்டும் ஏங்க?

சேவியர்: காத வச்சுத்தான் ஓட்டுனேன். எஞ்சின் இரைச்சல் ஏறுனா காலு ஆக்சிலேட்டருல இருக்கு, அடங்குனா பிரேக்குல. அன்னைக்கு சங்கிலியம்மா, மகளுக்கு மாப்பிள்ள அமைஞ்சிருச்சுன்னு சொன்னா. பின்னால இருந்தவுக அம்புட்டுப் பேரும் குலவை போட்டாக... எனக்கு எஞ்சின் கேக்கல.