செத்த வீட்டில் சொல்லிக்கொண்டவள்

“செத்த வீட்டுல போய் எவளாவது அப்பிடிச் சொல்லுவாளா? என்னாத்தடி சொல்லிக்குடுத்த நீ?”

“நானா சொல்லிக்குடுத்தேன்? ‘போறேன்’னு சொன்னா வெளங்காது, எங்கயிருந்து கெளம்பினாலும் ‘போயிட்டு வாறேன்’னு சொல்லணும்னு நீங்கதானேம்மா அந்தப் பிள்ளைய விரட்டி விரட்டிப் பழக்கினீங்க!”

“எங்கயிருந்துன்னா... செத்த வீட்டுலயிருந்துமாடி?”

மாலை நாலு மணி இருபது நிமிடம். நமுனுகுல மலையிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. கீழ் லயத்து வீட்டு வரிசையிலிருந்து மேலே ஏறும் மண் ரோட்டில், இரண்டு பக்கமும் தேயிலை, நடுவில் இவர்கள் மூன்று பேர். வேறு ஒரு நாய்கூட இல்லை. முன்னால் விஜயலெட்சுமி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. அவளுக்குப் பின்னால் மகள் தயானி. தன்னால்தான் சண்டை என்று மட்டும் விளங்கி, தலையைக் குனிந்துகொண்டு கடைசியில் வந்தவள் மாரிட்.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். தயானி நம் வீட்டு றின்ஸாவோடு ஒரே வகுப்பில் படித்தவள். ஆகவே இது காற்றுவாக்கில் வந்த கதையில்லை.

மாரிட் நோர்வேக்காரி. பதினேழு வயது. கொழும்பில் ஒரு சங்கம் இருக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளையைப் பத்து மாதம் நம் வீட்டில் வைத்துக்கொண்டால், நம் பிள்ளையைப் பத்து மாதம் அங்கே அனுப்புவார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்து விஜேந்திரன் மாஸ்டர் யாருக்கும் மூச்சுவிடாமல் எழுதிப் போட்டார். கிடைத்துவிட்டது. வெள்ளைக்காரப் பிள்ளை வருகிறது என்றதும் மாஸ்டர் வீட்டுக் கக்கூசுக்குக் கதவு வந்தது. கதவுக்குக் கொண்டி வந்தது. மாஸ்டரின் மனைவி விஜயலெட்சுமிக்கு நடையே மாறிப்போனது. சடங்கு வீடு, கோயில், கடை என்று எங்கே போனாலும் தேர் இழுக்கிற மாதிரி அந்தப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள்.

தயானிக்கு இந்தப் பகட்டெல்லாம் பொருட்டில்லை. அவளுக்கு வெளியே போக வேண்டும். அவ்வளவுதான். வீட்டு வாசலில் நின்று தலையை ஒரு சுற்றுச் சுற்றினால் பள்ளிக்கூடம், கோயில், மருந்துக் காம்பரா, மயானம் எல்லாம் தெரிந்துவிடும். பதினேழு வருடமாக அதே சுற்று. ஜூன் பதினெட்டாம் தேதி இருவருக்கும் ஒரே விமானம். மாரிட் திரும்பிப் போக, தயானி அவளோடு சேர்ந்து அவள் வீட்டுக்குப் போக. சேர்ந்துதான் போகவேண்டும் என்பது சங்கத்தின் சட்டம்.

பதினெட்டுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கீழ் லயத்துக் கடைசிக் காம்பராவில், அந்த ஒற்றை அறை வீட்டில், கருப்பம்மா செத்துப்போனாள்.

நாலு பிள்ளை பெற்றவள். ஒன்று கொழும்புக்கு, ஒன்று குவைத்துக்கு, இரண்டு எங்கே என்றே தெரியாது. நாலும் வாசலில் நின்று “போயிட்டு வாறேம்மா” என்று சொல்லிவிட்டுப் போனவைதான். அவளும் நாலு பேருக்கும் “வா தாயி, வா சாமி” என்றுதான் சொல்லி அனுப்பினாள். பஸ் சத்தம் கேட்டால் போதும், அடுப்பை விட்டுவிட்டு, மகள்களுக்குத் தலை பின்னிவிட்ட அந்த வாசற்படிக்கு வந்துவிடுவாள். இருபது வருடம் அப்படி.

அந்தக் காம்பராவுக்குள் சாம்பிராணிப் புகை. நனைந்த கம்பளி நாற்றம். கருப்பம்மாவின் தாடையைச் சுற்றித் தலையோடு சேர்த்து வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். ஒப்பாரி ஓய்ந்து பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த நேரம்... மாரிட் எழுந்தாள். பிணத்தின் காலடியில் போய் நின்றாள். கை கூப்பினாள். பத்து மாதத்தில் ஒரு எழுத்துப் பிசகாமல் அவள் பேசிய முதல் தமிழ் அதுதான்.

“நான் போயிட்டு வாறேன்.”

சொல்லிக்கொள்ளாமல் எழுந்து நடக்கவேண்டிய இடமல்லவா அது? விஜயலெட்சுமி அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்தாள். அங்கே தொடங்கிய சண்டைதான் ரோட்டில் நடந்துகொண்டிருந்தது.

கோயில் வளைவுக்கு வந்தபோது தயானி திரும்பி, “பரவாயில்ல மாரிட், யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க” என்றாள்.

“ஆமா. கோவம் இல்ல” என்றாள் மாரிட். “எனக்குப் பதில் சொன்னாங்க. ‘வா தாயி’.”

விஜயலெட்சுமி நின்றாள்.

“யாரு சொன்னா?”

“தெரியாது. கால் பக்கம் இல்ல. தலைப் பக்கம்.”

தலைமாட்டில் விளக்கு இருந்தது. அதற்குப் பின்னால் சுவர். வேறு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் மாரிட் பதுளைக்குப் போனாள், தன் ஊர் வீட்டாருக்குச் சாமான் வாங்க. இரண்டு மணிக்குத் திரும்பவேண்டியவளை நாலரைவரை காணவில்லை. தேடிப் போன தயானி, பூட்டிக் கிடந்த கடைசிக் காம்பராவின் வாசலில் அவளைப் பார்த்தாள். செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு, கதவைப் பார்த்தபடி நின்றிருந்தாள். பஸ்ஸில் ஏறியது ஞாபகமாம். இறங்கியது ஞாபகம் இல்லையாம்.

“பிள்ளைக்குப் பஸ் தலசுத்து” என்றார் மாஸ்டர். படித்தவரல்லவா.

ஐந்தாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு நடந்தாள். நூறு கெஜ தூரம். கடைசிக் காம்பரா. ஆறாம் நாள் குளிக்கப் பீலித் தண்ணிக்குப் போனாள். ஈரத் தலையோடு... கடைசிக் காம்பரா. ஒவ்வொரு தடவையும் அதே நாலு இருபது. ஏழாம் நாள் அவள் அழுதுகொண்டே கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். நாலு மணிக்கு மாஸ்டர் கதவைப் பூட்டி, சாவியை மடியில் வைத்துக்கொண்டார். நாலரைக்குத் திறந்தார். கட்டிலில் யாரும் இல்லை.

தலைசுற்று என்ற பேச்சை மாஸ்டர் அதோடு விட்டார்.

“கொழும்புக்குச் சொல்லி நாள மாத்துவோம்” என்றாள் விஜயலெட்சுமி.

“மாத்தினா என் விசாவும் போச்சு!” தயானி கத்தினாள். “ஒரு சொல்லுதானே கட்டி வச்சிருக்கு? ஒரு சொல்லால அவுத்துடலாம். அந்த வாசல்ல போய் ‘போறேன்’னு சொல்லட்டும்.”

“என் வீட்டுல இருக்கிற பிள்ள வாயால ‘போறேன்’னா? ஊரு என்னா பேசும்?”

“ஊரு இப்ப மட்டும் பேசாமயா இருக்கு?”

பேசிக்கொண்டுதான் இருந்தது. நான் மறைக்கவில்லை.

எட்டாம் நாள் காலை ஏழு மணிக்கே தயானி மாரிட்டைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். பக்கத்துக் காம்பரா ரெங்கம்மா சாவியைக் கொண்டுவந்து திறந்து, அதைத் தயானி கையில் கொடுத்துவிட்டு, தூரமாகப் போய் நின்றுகொண்டாள். உள்ளே சாணி மெழுகிய வாடை. வேறு ஒன்றும் இல்லை. மாரிட் உள்ளே போய் நின்றாள். தெளிவாகச் சொன்னாள்.

“நான் போறேன். வர மாட்டேன்.”

உள்ளே ஒரு சத்தம். பாயைச் சுருட்டும்போது வருமே, அந்தச் சரசரப்பு. பிறகு அமைதி. மாரிட்டின் தோள் இறங்கியது. பல நாள் சுமந்த கூடையை இறக்கி வைத்த மாதிரி இருந்ததாம். திரும்பி வாசலைத் தாண்டினாள். சிரித்தாள்கூட.

தயானிக்குக் கண் நிறைந்துவிட்டது. இனி விமானம்தான்! சந்தோஷத்தில் செருப்பை மாட்டிக்கொண்டே, ரெங்கம்மாவைப் பார்த்துச் சாவியை நீட்டினாள். பிறந்த நாள் முதல் எந்த வாசலை விட்டு இறங்கும்போதும் வாய் தானாகச் சொல்லுமே, அதைச் சொன்னாள்.

“அப்ப போயிட்டு வாறேன்.”

தூரத்தில் நின்ற ரெங்கம்மா வாயைத் திறக்கவில்லை. சத்தியம் பண்ணிச் சொல்கிறாள், திறக்கவே இல்லை.

“வா தாயி.”

தயானியின் கழுத்துக்குப் பின்னால்.

பதினேழாம் தேதி பதுளை ஸ்டேஷனில் குடும்பமே நின்று இருவரையும் காலை ரயிலில் ஏற்றிவிட்டது. மாரிட் ஜன்னலோரம். தயானி எதிரில், மாரிட்டின் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்தபடி. தெமோதரையில் ரயில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து, மலையைச் சுற்றி, அதே சுரங்கத்துக்கு மேலேயே வந்து ஏறும். நீங்களும் போயிருப்பீர்கள். உள்ளே நுழைந்ததும் இருட்டு. பையன்கள் ஊளையிட்டார்கள். டீசல் நாற்றம். மாரிட்டின் கைக்குள் தயானியின் விரல்கள் இருந்தன... இருந்தன... வெளிச்சம் வந்தது.

மாரிட் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரம் நாலு இருபதுக்கு ரெங்கம்மா கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும்போது, கடைசிக் காம்பரா வாசலில் புது நீலச் செருப்பு இரண்டு, ஒழுங்காக.

“அவளும் போறேன்னு சொல்ல வேண்டியதுதானே” என்று நீங்கள் கேட்பீர்கள். எத்தனை தடவை போய் நின்றாள் தெரியுமா? வாயைத் திறந்தால் ‘போயிட்டு வாறேன்’தான் வருகிறது. தாளில் எழுதி வைத்துப் பார்த்தாள். எழுத்து ‘போறேன்’, வாய் ‘வாறேன்’. மாரிட் படித்துப் பழகியவள், நினைத்ததைச் சொன்னாள். இவளுக்கு அது நாக்கோடு பிறந்தது, என்ன செய்வாள்?

மாரிட் ஊர் போய்ச் சேர்ந்தாள். இப்போது தாதிக்குப் படிக்கிறாளாம். விஜேந்திரன் மாஸ்டர் அப்புத்தளைக்கு மாற்றம் வாங்கிக்கொண்டு போனார். விஜயலெட்சுமியும் அவரோடு போய்விட்டாள், தோட்டத்துப் பக்கம் தலை வைப்பதில்லை. கருப்பம்மாவின் முப்பத்தோராம் நாளுக்குக் கொழும்பிலிருந்து வந்த பேரன் ரமேஸ் அங்கேயே தங்கிவிட்டான். அடுத்த தை மாதம் தயானியைக் கட்டிக்கொண்டான். கடைசிக் காம்பராவில்தான் குடித்தனம். நல்ல பையன், ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விடுவான்.

போன கிழமை நான் அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். சரி, பார்க்கத்தான் போனேன். பின்னேரம். தயானி வாசற்படியில் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பின்னால் யாரும் இல்லை. அவளுடைய இரண்டு கையும் மடியில் இருந்தன. ஆனால் அவள் கூந்தல் மூன்று பிரியாகப் பிரிந்து, ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி... மெதுவாக, இறுக்கமாக, பின்னிக்கொண்டிருந்தது.